ஏற்கனவே செத்தது

ஏழாம் நூற்றாண்டுச் சீனாவில் சுன் ஸிமியாவ் என்ற வைத்தியர், ஒரு வைத்தியனின் மனம் எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தன் மருந்து நூலின் முகப்பிலேயே எழுதி வைத்தார். மிருகங்களைக் கொன்று எடுக்கும் மருந்தைத் தான் தவிர்ப்பதாக அதில் சொல்கிறார். உயிரைக் காக்க இன்னொரு உயிரை எடுப்பவன் உயிரின் பக்கம் நிற்கவில்லை என்பது அவர் தர்க்கம். உடனே ஒரு விலக்கும் தருகிறார்: அட்டை, பூச்சி வகையறா சந்தையில் ஏற்கனவே செத்ததாகக் கிடைத்தால் வாங்கிக்கொள்ளலாம்.

கொள்கையைவிட இந்த விலக்குதான் நீடித்து உழைத்திருக்கிறது. சந்தையில் செத்துக் கிடப்பது யாருக்காகச் செத்தது என்பதை அது கேட்பதில்லை.

அருகிவரும் மிருகங்களுக்கு ‘மாற்று’ தேடியவர்களும் அதைக் கேட்கவில்லை. 1993இல் சீன அரசு காண்டாமிருகக் கொம்பு, புலி எலும்பு வியாபாரத்தைத் தடை செய்தது. காண்டாமிருகத்தைக் காப்பாற்றும் நல்லெண்ணத்தில், அந்த ஆண்டுகளில் இயற்கைப் பாதுகாப்பாளர்கள் சிலரே ஸைகா என்ற இரலையின் கொம்பை மாற்றாகச் சிபாரிசு செய்தார்கள். மத்திய ஆசியப் புல்வெளிகளில் அப்போது ஸைகா லட்சக்கணக்கில் இருந்தது. சோவியத் யூனியன் உடைந்து, வறுமை வந்து, எல்லைகளும் திறந்துகொண்டன. இறைச்சிக்கும் கொம்புக்குமாக வேட்டை நடந்தது. ஆணுக்கு மட்டுமே கொம்பு என்பதால் ஆண்களாகத் தேடிச் சுட்டார்கள். இணை கிடைக்காத பெண் மந்தைகள் குட்டியில்லாமல் நின்றன. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. (ஸைகா பிறகு, முக்கியமாகக் கஜகஸ்தானில், மீண்டுவிட்டது. அது சிபாரிசு செய்தவர்களின் சாமர்த்தியம் அல்ல.) எருமைக் கொம்பும் மாற்றாக வந்தது. எருமைக்காக யாரும் கவலைப்படவில்லை, எருமைகள் நிறைய இருக்கின்றன. அருகிவருதல் ஒரு கணக்கு. ஸிமியாவ் பேசியது ஒற்றை உயிரைப் பற்றி. இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணித்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

காண்டாமிருகக் கொம்பு நம் நகத்தின் வஸ்துதான், அதை மருந்தென்பது மூடத்தனம் என்று பரிகசித்துவிட்டால் அறப்பிரச்னை தீர்ந்துபோகிறது. இந்தச் சௌகரியம் கரடியிடம் பலிக்காது. கரடிப் பித்தத்தில் உண்மையாகவே மருந்து இருக்கிறது. அதிலுள்ள அமிலத்தை 1927இல் ஜப்பானில் பிரித்தெடுத்தார்கள், 1955இல் அங்கேயே செயற்கையாகவும் செய்தார்கள். இன்று உலகமெங்கும் கல்லீரல் நோயாளிகள் அதை மாத்திரையாக விழுங்குகிறார்கள். இதற்குக் கரடி வேண்டியதில்லை; பெரும்பாலும் கசாப்புக்குப் போன மாட்டின் பித்தத்திலிருந்து தயாராகிறது. ஏற்கனவே செத்த மாடு.

இருந்தும் 1980களில் தொடங்கிய பண்ணைகளில், பித்தப்பையில் துளையிட்ட கரடிகள் ஆண்டுக்கணக்காகக் கூண்டில் கிடக்கின்றன. காட்டுக் கரடியைக் கொல்லாமலிருக்க இதுவே மாற்று என்று பண்ணைக்காரர் வாதம். 2020 மார்ச்சில் சீன அரசு வெளியிட்ட கொரோனா சிகிச்சைக் குறிப்பில்கூடக் கரடிப் பித்தம் கலந்த ஊசிமருந்து ஒன்று இடம்பெற்றது. மூலக்கூறு ஒன்றே என்கிறான் ரசாயனக்காரன். வாங்குகிறவனுக்கு அது தெரியாமலில்லை என்றே எனக்குப் படுகிறது. அவன் கேட்பது மூலக்கூறை அல்ல. கரடியின் பலத்தை, அது எட்டாத இடத்தில் இருந்ததை. கிடைப்பதற்கு அரிது என்பதே மருந்தின் ஒரு சரக்கு. அதனால்தான் மலிவான மாற்று, மலிவாக இருப்பதாலேயே தோற்கிறது. நோயின் வலி எதையும் கேட்க உரிமை தரலாம். இந்தக் கேட்பில் வலி எவ்வளவு, அந்தஸ்து எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

2018 அக்டோபரில் சீன அரசு தடையைத் தளர்த்தப் பார்த்தது: பண்ணையில் இயற்கையாகச் செத்த புலியின் எலும்பைக் குறிப்பிட்ட மருத்துவமனைகள் உபயோகிக்கலாம். ‘இயற்கையாக’ என்ற சொல்லுக்குள் ஸிமியாவின் சந்தை அப்படியே இருந்தது. எதிர்ப்பு வலுத்ததால் நவம்பரில் அமலை ஒத்திவைத்தார்கள். பண்ணைகளில் புலிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.