கணினி சரியாகத்தான் இயங்கியது

2019இல் ஒருநாள், எங்கள் நிறுவனத்தின் சட்டப் பிரிவிலிருந்து ஒரு பக்கக் காகிதம் ஒன்று என் மேசைக்கு வந்தது. ஒரு வாடிக்கையாளரின் குடோன்களுக்கு நாங்கள் சரக்குக் கணக்கு சாஃப்ட்வேர் செய்து கொடுத்திருந்தோம். அதில் ஒரு குடோனில் கணக்கைவிட இருப்பு குறைவு. பொறுப்பாளர்மீது வழக்கு. எங்கள் சர்வரிலிருந்து எடுத்த பதிவுகளை நீதிமன்றம் ஏற்க வேண்டுமென்றால், இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். அந்தக் காலம் முழுவதும் கணினி சரியாக இயங்கியது என்று அதை நிர்வகிப்பவர் கையெழுத்திட வேண்டும். நிர்வகிப்பவன் நான்.

“சரியா இயங்குச்சுன்னா என்ன சார் அர்த்தம்?” என்று கேட்டேன்.

“சர்வர் டவுன் ஆச்சா?”

“இல்ல.”

“அப்புறம் என்னங்க, போடுங்க.”

போட்டேன்.

ஐந்து வருடம் கழித்து, 2024 தொடக்கத்தில், பிரிட்டனின் தபால் நிலைய ஊழலைப் பற்றி ஒரு தொலைக்காட்சித் தொடர் வந்து அந்த நாடே கொந்தளித்தபோதுதான் எனக்கு அந்தக் காகிதம் நினைவுக்கு வந்தது. கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1999 முதல் அங்கே தபால் நிலையங்களில் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் வைக்கப்பட்டது. செய்து கொடுத்தது ஃபுஜிட்சு. கிளைகளை நடத்தியவர்களின் கணக்கில் திடீர் திடீரென்று பணம் குறைந்தது. ஒப்பந்தப்படி அதை அவர்கள்தான் கட்ட வேண்டும். வீட்டை அடமானம் வைத்துக் கட்டியவர்கள் உண்டு. கட்ட முடியாதவர்கள் திருட்டு, பொய்க்கணக்கு வழக்குகளில் சிக்கினார்கள். தொள்ளாயிரம் பேருக்கு மேல் தண்டனை. சிலர் சிறைக்குப் போனார்கள், சிலர் உயிரை விட்டார்கள். உதவி எண்ணுக்கு அழைத்தவர்களில் பலருக்குக் கிடைத்த பதில், “இந்தப் பிரச்சினை உங்களுக்கு மட்டும்தான் வருகிறது” என்பது. அவர்களின் வழக்கில் 2019 டிசம்பரில் தீர்ப்பெழுதிய நீதிபதி ஃப்ரேசர், தபால் துறை தன் மென்பொருளில் கோளாறே இல்லையென்று சாதித்ததை, பூமி தட்டை என்று சாதிப்பதற்கு ஒப்பிட்டார்.

என்னை உலுக்கியது சட்டத்தின் பகுதி. 1984ஆம் வருடச் சட்டம் ஒன்றின்படி, கணினிப் பதிவைக் குற்ற வழக்கில் சாட்சியமாக வைப்பவர், கணினி சரியாக இயங்கியது என்று காட்ட வேண்டியிருந்தது. 2000 ஏப்ரலோடு அந்தப் பிரிவு போய்விட்டது. அதன்பின், எதிராளி சந்தேகத்துக்கு இடம் காட்டாதவரை கணினி சரியாகத்தான் இயங்கியது என்பது அனுமானம். ஹொரைசன் கிளைகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த அதே காலம். (அதே வருடம்தான் நம் ஊரில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்து 65பியைக் கொண்டுவந்தது. அதன் வாசகங்களும் பிரிட்டன் முன்பே கைவிட்ட பழைய சட்டம் ஒன்றிலிருந்து எடுத்தவை.)

பிரிவை நீக்கியவர்களை முட்டாள்கள் என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு டெலிபோன் பில்லுக்கும் நிபுணரைக் கூண்டில் ஏற்றினால் கோர்ட் நடக்காது. ஆனால் கடிகாரத்துக்கும் டிராஃபிக் சிக்னலுக்கும் பொருந்திய அனுமானம் அது. கடிகாரம் நின்றால் பார்ப்பவருக்குத் தெரியும். மென்பொருள் அப்படிக் கெடுவதில்லை. ஆயிரம் பேருக்குச் சரியாக வேலை செய்துகொண்டே ஒருவருக்கு மட்டும் தப்பாகச் செய்யும், எந்தச் சத்தமும் போடாது. 2015இல் ஸ்காட்லாந்தின் டால்மெல்லிங்டன் கிளையில் 8,000 பவுண்ட் வரவு வைக்கும்போது திரை உறைந்துவிட்டது. யாரும் செய்வதுபோல என்டரைத் திரும்பத் திரும்பத் தட்டியதில் ஒவ்வொரு தட்டலும் ஒரு வரவாகிவிட்டது. கையில் இல்லாத 24,000 பவுண்ட் கணக்கில் ஏறி நின்றது. சர்வர் டவுன் ஆகவில்லை.

சந்தேகத்தைக் காட்ட வேண்டியவர் கிளையில் இருக்கிறார். அதைக் காட்டக்கூடிய ஆவணம் ஃபுஜிட்சுவிடம் இருக்கிறது. தெரிந்த பிழைகளுக்கென்றே ஒரு பதிவேடு அவர்கள் வைத்திருந்தார்கள். கிளைக் கணக்கை வெளியிலிருந்து யாரும் தொடமுடியாது என்று வருடக்கணக்கில் சொல்லப்பட்டதும் பொய்.

நம் பழைய சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் இருக்கிறது. சான்றிதழில் இப்போது ஹாஷ் மதிப்பும் எழுத வேண்டும், நிபுணர் ஒருவரும் கையெழுத்திட வேண்டும். நண்பர்கள் பாராட்டினார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஹாஷ் மதிப்பு, நகல் மாறவில்லை என்று சொல்லும். எழுதப்பட்டதே தப்பாக இருந்தால், அந்தத் தப்பு ஒரு பிட்டும் மாறாமல் கோர்ட்டுக்கு வந்து சேர்ந்தது என்றுதான் அதற்கு அர்த்தம்.

இனி என் கையெழுத்து. சான்றிதழ் தருபவர் தன் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை சொன்னால் போதும் என்கிறது சட்டம். அந்தக் கணக்கில் நான் பொய் சொல்லவில்லை. ஆனால் அன்று எங்கள் பிழைப் பட்டியலில் ஒரு டிக்கெட் திறந்திருந்தது. நெட் விட்டுவிட்டு வரும்போது சரக்கு வரவு இரண்டு தடவை பதிவாகிறது என்று வேறொரு குடோனிலிருந்து வந்த புகார். முன்னுரிமை: குறைவு. பட்டியலைத் திறந்து பார்த்திருந்தால் அது என் அறிவுக்கு எட்டியிருக்கும். திறக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. திறந்தால் என்ன ஆகும் என்பது எனக்கு மங்கலாகவாவது தெரிந்திருந்தது என்றே இப்போது நினைக்கிறேன். தெரியாமல் இருப்பதற்கு நானே ஏற்பாடு செய்துகொண்டேன். அதற்குப் பொய் என்று பெயரில்லை. வேறு என்ன பெயர் என்று இன்னும் பிடிபடவில்லை. அந்தப் பிழையைச் சில மாதங்களில் சரிசெய்தோம். சரிசெய்த பிறகும் சட்டப் பிரிவுக்கு ஒரு வரி எழுதவில்லை.

2024இல் ஒரு இரவு பழைய சகா ஒருவருக்கு போன் போட்டுக் கேட்டேன். “அது அப்பவே செட்டில் ஆயிடுச்சே. ஊர்ல இருந்த நிலத்த வித்துக் கட்டிட்டாராம்” என்றார். அவர் குடோனிலும் வரவு இரண்டு தடவை விழுந்ததா, உண்மையிலேயே சரக்கு போனதா என்று பார்க்க லாகைத் தேடினேன். நூற்றெண்பது நாள் தாண்டிய லாக் தானாக அழிந்துவிடும். இடத்தை மிச்சப்படுத்த அந்த ஸ்கிரிப்டை எழுதியது நான்தான். அவர் பெயரும் எனக்குத் தெரியாது. சான்றிதழோடு இணைத்த பட்டியலில் ஒரு யூசர் ஐடி மட்டும்தான் இருந்தது.