அடைக்கலமும் சட்டமும்

அடைக்கலம் தேடி வந்தவருக்காக அரசை எதிர்த்து நிற்பது அறமா, சட்டமீறலா? 1982 மார்ச் 24 அன்று அமெரிக்காவின் டூசான் நகரில் சவுத்சைட் பிரெஸ்பிட்டேரியன் தேவாலயம், எல் சால்வடார், குவாத்தமாலா நாடுகளின் போர்களிலிருந்து தப்பி வந்தோருக்குத் தன்னை அடைக்கலமாக அறிவித்தபோது கூர்மையடைந்த கேள்வி இது. அதன் போதகர் ஜான் ஃபைஃப் உட்பட எட்டுப் பேர் குற்றவாளிகள் என்று 1986இல் தீர்ப்பானது. ஆனால் அவர்களோடு உழைத்த ஜிம் கார்பெட்டின் வாதம் அந்தத் தீர்ப்போடு அடங்கவில்லை. துன்புறுத்தலுக்கு அஞ்சி வருவோர் புகலிடம் கேட்கும் உரிமையை 1980ஆம் ஆண்டின் அகதிகள் சட்டமே தருகிறது. அதை மீறுவது அரசு, நிறைவேற்றுவது நாங்கள் என்றார் அவர். தேவாலயங்கள் தொடுத்த வழக்கில், அவ்விரு நாட்டவரின் புகலிட விண்ணப்பங்களை மறுபடி விசாரிக்க 1991இல் அரசே உடன்பட்டது.

யார் நுழையலாம் என்று முடிவெடுப்பது அரசின் வேலை, ஆளாளுக்கு மனசாட்சியைக் காட்டினால் சட்டம் என்னாகும் என்ற மறுப்பைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. எல்லையே வேண்டாம் என்பாரோடு எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் குடியேறியோருக்குத் துணைநிற்கும் இன்றைய தொண்டர்கள் செய்வதைப் பாருங்கள். சிகாகோவில் தெருமுனையில் விசில் ஊதி, குடியேற்ற அதிகாரிகள் வந்திருப்பதை அறிவிக்கிறார்கள். வெளியே வர அஞ்சும் வீடுகளுக்கு மளிகை கொண்டுபோகிறார்கள். சட்டைப்பையில் அடங்கும் சிவப்பு அட்டை ஒன்றைக் கொடுக்கிறார்கள். நீதிபதி கையெழுத்திட்ட வாரன்ட் இல்லாமல் கதவைத் திறக்க வேண்டியதில்லை என்பதே அதன் சாரம். அரசியல் சாசனத்தின் நான்காம் திருத்தம் தரும் பாதுகாப்பு அது. ஒருவர் தங்கலாமா என்பது ஒரு கேள்வி, அவரை எப்படி நடத்தலாம் என்பது வேறு கேள்வி. முன்னதில் அரசுக்குள்ள அதிகாரம் பின்னதிலும் வரம்பின்றி நீளாது. தேவாலயங்களில் கைது செய்வதைப் பெரிதும் தவிர்த்துவந்த நெறிமுறை 2025 ஜனவரியில் நீக்கப்பட்டது. வழிபாட்டுக்குப் போகவே பயப்படும் குடும்பத்தோடு பக்கத்து வீட்டுக்காரர் துணைக்கு நடந்து போவதில் எந்தச் சட்டம் மீறப்படுகிறது?