கூட்டத்துக்கு வராதவரின் பங்கு

1985-இல் பாஸ்டன் நகரின் ராக்ஸ்பரியில், டட்லி தெருவை ஒட்டிய பேட்டைக்காக ஒரு கூட்டம் கூடியது. காப்பீட்டுப் பணத்துக்காக உரிமையாளர்களே தீ வைத்த வீடுகள், அவை இருந்த இடத்தில் நூற்றுக்கணக்கான வெற்று மனைகள், ஊரார் குப்பையைத் திருட்டுத்தனமாகக் கொட்டிப்போகும் லாரிகள் என்று அந்தப் பேட்டை சீரழிந்து கிடந்தது. உதவ முன்வந்த ரைலி அறக்கட்டளை, தொண்டு நிறுவனங்களின் ஆட்கள் நிறைந்த ஒரு நிர்வாகக் குழுவை முன்மொழிந்தது. குடியிருப்போருக்கு அதில் விரல்விட்டு எண்ணும் இடங்களே இருந்தன. உங்களில் எத்தனை பேர் இங்கே குடியிருக்கிறீர்கள் என்று திட்டத்தை முன்வைத்தவர்களிடம் கூட்டத்தில் இருந்தவர்கள் கேட்டார்கள். திட்டம் திருத்தி எழுதப்பட்டது. குழுவில் குடியிருப்போர் பெரும்பான்மை ஆனார்கள். கறுப்பினத்தவர், லத்தீனோக்கள், கேப் வெர்தே தீவினர், வெள்ளையர் ஆகிய நான்கு சமூகங்களுக்கும், அவர்கள் தொகையைப் பார்க்காமல், சம எண்ணிக்கையில் இடம் ஒதுக்கப்பட்டது.

அவர்கள் கேட்டது நியாயம் என்பதில் ஐயம் வேண்டாம். ஆனால் அந்த நியாயத்தை எவ்வளவு தூரம் நீட்டலாம் என்பது அத்தனை எளிதல்ல. பொதுப்பணம் நாட்டார் எல்லாருடைய பணம். பேட்டையில் குடியிருப்பதாலேயே ஒருவருக்கு அதைச் செலவிடும் அதிகாரம் வந்துவிடுமா?

வரும் என்பதற்கு வலுவான காரணம் ஒன்று உண்டு: முடிவு பிழையானால் அதோடு வாழப்போகிறவர் அவரே. திட்டம் தீட்டிய அதிகாரி இடமாற்றலில் போய்விடுவார், ஆலோசனை நிறுவனம் கட்டணத்தை வாங்கிக்கொண்டு போய்விடும். பட்டறிவில்லாதவர் கையில் இத்தனை பணமா என்ற முணுமுணுப்பு எங்கும் கேட்கிறது. இருபதாம் நூற்றாண்டில் நகரங்களின் நடுவே குடியிருப்புகளை இடித்து நெடுஞ்சாலை போட்டவர்கள் பெரும்பாலும் பட்டம் பெற்ற வல்லுநர்களே என்பதை அப்படி முணுமுணுப்பவர்கள் நினைத்துப் பார்க்கலாம்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது: குழுவில் உட்கார யார் வருகிறார்கள் என்பதில். பிரிட்டன் அரசு 1998-இல் தொடங்கிய 'நியூ டீல் ஃபார் கம்யூனிட்டீஸ்' திட்டத்தில் 39 நலிந்த பகுதிகளுக்குத் தலா சுமார் 5 கோடி பவுண்டு, பத்தாண்டுக் காலத்துக்குத் தரப்பட்டது. அதை வழிநடத்திய குழுக்களில் அங்கே குடியிருப்போரும் உட்கார்ந்தார்கள். பின்னர் லாட்டரி நிதியில் வந்த 'பிக் லோக்கல்' 150 பகுதிகளுக்குத் தலா 10 லட்சம் பவுண்டு தந்து, குழுவில் பெரும்பான்மை குடியிருப்போருக்கே என்று விதி வைத்தது. இத்தகைய குழுக்கள் பெரும்பாலும் மாலை வேளைகளில் கூடும். அந்நேரத்தில் வேலைக்குக் கிளம்பும் துப்புரவுத் தொழிலாளியும், கைக்குழந்தைக்காரியும், ஆங்கிலம் தடுமாறும் அகதியும், அடுத்த ஆண்டு வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வாரோ என்றிருக்கும் வாடகைக்காரரும் எப்படி வருவார்கள்? வருவது பெரும்பாலும் சொந்த வீடு உள்ளவரும் ஓய்வு பெற்றவரும். தெருமுனையில் நிற்கும் இளைஞர் கூட்டம் அவர்கள் கண்ணுக்குத் தொல்லையாகத் தெரியும், பணம் கண்காணிப்புக் கேமராவுக்குப் போகும். அந்த இளைஞர்களும் குடியிருப்போர்தானே.

இன்னொரு நியாயக் குறைவு இதைவிட ஆழமானது. லண்டனின் வசதியான பகுதிகளில் விளக்கு எரியவும் பூங்கா பசுமையாக இருக்கவும் யாரும் மாலைகளைத் தியாகம் செய்ய வேண்டியதில்லை. அதையே பெற ஏழைகள் மட்டும் கூலியில்லாமல் வரவுசெலவு அறிக்கை படித்து, அண்டை வீட்டாரின் பகையையும் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அரசு தன் கடமையைக் குடியிருப்போர் தலையில் இறக்கிவிட்டு அதற்கு மக்களாட்சி என்று பெயர் சூட்டினால், அந்த ஏற்பாட்டை ஏற்பதற்கில்லை. அதிகாரம் தருவது வேறு, வேலையைத் தள்ளிவிடுவது வேறு. பள்ளியும் மருத்துவமும் கழிவுநீரும் குழுவின் பொறுப்பில் வரவே கூடாது.

இந்தக் குழுக்களின் அறத்தைச் சோதிக்கும் உரைகல் வாடகைதான். பேட்டை சீரானால் மனை விலை ஏறும், வாடகை ஏறும். யாருக்காகச் சீரானதோ அவர் மூட்டை கட்டுவார். டட்லி தெருக்காரர்கள் இதை முன்கூட்டியே உணர்ந்தார்கள். 1988-இல், தனியாருக்குச் சொந்தமான வெற்று மனைகளைக் கட்டாயமாக எடுக்கும் அதிகாரத்தைப் பாஸ்டன் மாநகரிடமிருந்து பெற்றார்கள். ஒரு குடிமக்கள் அமைப்பு அத்தகைய அதிகாரம் பெறுவது அமெரிக்காவில் அபூர்வம். எடுத்த நிலத்தை விற்காமல் நில அறக்கட்டளை ஒன்றின் பெயரில் வைத்து, நீண்டகாலக் குத்தகைக்கு விட்டார்கள். வீடு வாங்கியவர் அதை விற்கலாம், கொள்ளை லாபத்துக்கு விற்க முடியாது. இன்னும் பேட்டைக்கு வந்து சேராத குடும்பத்துக்கும் அந்தக் கூட்டத்தில் ஒரு நாற்காலி போட்டார்கள் என்றே இதைச் சொல்ல வேண்டும். குழுவில் இடம் கேட்டுப் போராடியதைவிடப் பெரிய செயல் இது என்பேன்.

2025-இல் பிரிட்டன் அரசு அறிவித்த புதிய திட்டம், தேர்ந்தெடுத்த பகுதிகளுக்குப் பத்தாண்டுகளில் தலா 2 கோடி பவுண்டு வரை தருகிறது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குழு உண்டு. ஆனால் பணத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டியது உள்ளாட்சி மன்றம். கணக்குக் கேட்பதில் தவறில்லை. ஆனால் சில நிபந்தனைகள் வேண்டும். குழு சொன்னதை மன்றம் மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். கூட்டத்துக்கு வருவோருக்குப் படி கொடுக்க வேண்டும், வாடகைக்காரருக்குத் தனி இடம் ஒதுக்க வேண்டும். நடைபாதைக்கும் பூந்தொட்டிக்கும் நிதி ஒதுக்கும் முன், அங்குள்ள நிலம் யார் பெயரில் நிற்கும் என்பதைக் குழு முடிவு செய்யட்டும்.