சிப்பாயும் யுத்தமும்

யுத்தத்தை வெறுப்பவன் சிப்பாயை மதித்தல் கூடுமோ? கூடாதென்பார் இரு சாரார் உளர். சிப்பாயை மதிப்பவன் அவன் சென்ற யுத்தத்தையும் வாழ்த்தவேண்டும் என்பர் ஒரு சாரார். யுத்தம் தீதாயின் அதிற் சென்றவனும் தீயனே என்பர் மற்றொரு சாரார். இரண்டும் ஒரே பிழையினின்று பிறந்தவை. ஏவினவனையும் ஏவப்பட்டவனையும் ஒருவனாகக் கொள்ளுதலே அப்பிழை.

மலாயாத் தமிழராகிய நமக்கு இஃது அந்நிய விஷயமன்று. 1943-ல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து அழைத்தபோது, பால்மரம் வெட்டிய கைகள் பல துப்பாக்கி ஏந்தின. இந்திய தேசிய இராணுவம் பர்மாப் போர்முனையில் எதிர்த்து நின்ற பிரிட்டிஷ் இந்தியச் சேனையிலோ, மதராஸ் சாப்பர் முதலிய பிரிவுகளில் தமிழர் இருந்தனர். நாட்டின் விடுதலைக்கென்று சென்றவரும் உண்டு. வீட்டின் அரிசிக்கென்று சென்றவரும் உண்டு. ஒரு பக்கத்தாருக்கே கண்ணீர் விடுவோமாயின், நாம் மதிப்பது கொடியையேயன்றி மனிதனையன்று.

இதனினும் கடினமான சோதனை இலங்கையில் நேர்ந்தது. 1987 ஜூலையில் அமைதி காக்கவென்று இந்தியப் படை அங்கே அனுப்பப்பட்டது. அக்டோபரில் அது விடுதலைப் புலிகளோடு பொருதலாயிற்று. அம்மாதமே அப்படையினர் யாழ்ப்பாண மருத்துவமனையிற் புகுந்தபோது மருத்துவரும் செவிலியரும் நோயாளிகளும் சுட்டுக் கொல்லப்பட்டனர். சிப்பாய்களிலும் 1,000 பேருக்கு மேல் மாண்டனர். 1990 மார்ச்சில் எஞ்சிய படை சென்னை திரும்பியபோது, அந்நாள் முதலமைச்சர் மு. கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை.

மாண்ட தமிழர்பொருட்டு அவர் கொண்ட சினம் நியாயமானதே. ஆயினும் கப்பலினின்று இறங்கிய சிப்பாய் அப்படையெடுப்பை வகுத்தவனல்லன். வகுத்தோர் டில்லியில் இருந்தனர். துறைமுகத்தில் மாலையில்லாக் குறை அவர்களைத் தீண்டவில்லை. காலை இழந்து திரும்பியவனையே தீண்டிற்று.

அங்ஙனமாயின் மருத்துவமனையிற் சுட்டவனையும் மதிப்பதோ என்று வினவலாம். மதிப்பு வேறு, மன்னிப்பு வேறு. மேலோர் ஆணை என்பது மட்டுமே குற்றத்தைக் கழுவாதென்று 1946-ல் நியூரம்பர்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயுதமற்றவரைச் சுட்டவன் தன் செயலுக்குத் தானே பொறுப்பாளி. ஆனால் அவன் பழியைப் படை முழுமைக்கும் ஏற்றுதல் நீதியாகாது.

எனவே கணக்கைப் பிரித்தெழுதுவோம். உயிரைப் பணயம் வைத்தவனுக்கு மதிப்பு, கொடுமை இழைத்தவனுக்கு விசாரணை, அனுப்பியவனுக்குக் கேள்வி. ஒருவன் கடனை மற்றொருவன் பெயரில் எழுதுதல் பொய்க்கணக்கு. அரசாள்வோர்க்கு அப்பொய்க்கணக்கு மிக உதவும். சிப்பாயின் புகழுக்குப் பின்னே ஒளிந்துகொண்டு, கேட்பவனை நன்றிகெட்டவன் என்று தூற்றலாமன்றோ!

பினாங்கு எஸ்பிளனேடில் உள்ள போர் நினைவுச் சின்னத்தின்முன் தலை வணங்குவோம், அதில் தவறொன்றுமில்லை. வணங்கிய தலையை நிமிர்த்தி, இனி ஓர் ஏழை மகனை அனுப்புமுன், “எதன்பொருட்டு?” என்று கேட்கவும் துணிவோம். மாண்டவனுக்கு நாம் செலுத்தவேண்டிய மரியாதையில் அதுவும் ஒரு பகுதியே.