இணைச் சிலம்பும் வாய்தாவும்



கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளியாகப் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் இல்லம் வந்திருந்தார். சில ஆண்டுகளுக்கு முன் நெடுஞ்சாலையில் லாரி மோதி ஒருவர் உயிரிழந்ததை நேரில் கண்டவர் அவர். சாட்சி சொல்லத் தயங்கியபோது, "கண்டதைச் சொல்வது கடமை, போய் வா" என்று அனுப்பியவள் நான். இதுவரை ஆறு முறை நீதிமன்றம் சென்றுவிட்டார். ஒருநாள் வழக்கறிஞர் வரவில்லை. ஒருநாள் எதிரி வரவில்லை. ஒருநாள் நீதிபதி விடுப்பு. ஆறு முறையும் வாய்தா. ஆறு நாள் கூலியும் போயிற்று. "டீச்சர், இனி ஒருவர் சாலையில் அடிபட்டுக் கிடந்தால் நான் நிற்பேனா என்று எனக்கே தெரியவில்லை" என்றார். விடை கூற இயலாமல் இருந்தேன். அவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணம்.

வாய்தா என்பது முற்றிலும் தீயதா? அவ்வாறு கூறுதல் ஒருபக்கப் பார்வையாகும். சிலப்பதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். பொற்கொல்லன் சொல்லை நம்பிய பாண்டியன், விசாரணையின்றிக் கோவலனைக் கொல்லப் பணித்தான். இணைச் சிலம்போ கண்ணகியின் கையில் இருந்தது. வழித்துணையாய் வந்த கவுந்தியடிகளும், அடைக்கலம் தந்த மாதரியும் மதுரையின் புறத்தே இருந்தனர். சிலம்பைக் கொணரவும் அவர்களை அழைக்கவும் ஒரு பொழுது போதும். அன்று ஒரே ஒரு வாய்தா கிடைத்திருந்தால் கோவலன் பிழைத்திருப்பான். பாண்டியனும் கொலைப்பழி எய்தியிருக்க மாட்டான். ஆகவே, உண்மையைத் தேடிவரத் தரப்படும் அவகாசம் கருணையே, நீதியின் உறுப்பே.

அவ்வாறாயின் எந்த வாய்தா தீயது? கொணர வேண்டிய சிலம்பு எதுவுமின்றிக் கேட்கப்படும் வாய்தாவே தீயது. வாய்தா என்னும் சொல் வட இந்திய மொழிகளில் வாக்குறுதி என்று பொருள்படும். இந்நாளில் வந்தால் வழக்கு நடக்கும் என்பது நீதிமன்றம் தரும் வாக்கு. காரணமின்றி அது தவறும்போது சொல் பொய்க்கிறது. வந்தவரின் ஒருநாள் வாழ்வு, அவர் கொடாமலே எடுக்கப்படுகிறது. பிறர் பொருளைக் கொள்ளாமையை விரதமாகப் போற்றும் நாம், பிறர் காலத்தைக் கொள்வதும் களவே என்று உணர வேண்டும்.

சட்டமும் இதனை அறியாததன்று. சாட்சிகள் வந்திருக்கும் நாளில், எழுத்தில் பதியப்பட்ட சிறப்புக் காரணமின்றி, அவர்களை விசாரிக்காமல் வழக்கைத் தள்ளிவைக்கலாகாது என்று 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு கூறிற்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்தின் 346ஆம் பிரிவும் அதனையே கூறுகிறது. தரப்பினரின் சக்திக்கு மீறிய சூழலிலும் இரண்டு வாய்தாவுக்கு மேல் கூடாது என்றும் வரையறுக்கிறது. விரைவான விசாரணை உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1979இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில் தெளிவுபடுத்தியது. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டிருந்தால் பெற்றிருக்கக்கூடிய தண்டனையை விட நீண்ட காலம், விசாரணையே முடியாமல் பீகார்ச் சிறைகளில் கிடந்த ஏழைகளின் வழக்கு அது. ஆகவே தாமதம் சாட்சியை மட்டுமன்று, குற்றம் சாட்டப்பட்டவரையும் வருத்துகிறது.

நம் மாநிலத்து வாச்சாத்தியை மறக்கலாகாது. தருமபுரி மாவட்டத்து மலையடிவாரச் சிற்றூரான அங்கு, 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடி நுழைந்த அரசு ஊழியர்கள் பழங்குடி மக்களை வதைத்தனர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பர் 29இல். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டனர்; எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. சென்னை உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது 2023இல். இத்தாமதத்திற்குக் காரணங்கள் பல. ஆயினும் முப்பத்தோராண்டுகள் அம்மக்கள் தளராமல் நின்று சாட்சியம் கூறியதாலன்றோ உண்மை நிலைபெற்றது! எல்லோருக்கும் அத்தகைய உறுதியும் துணையும் வாய்ப்பதில்லை. தளர்ந்த சாட்சி வீடு திரும்பும்போது உண்மையும் அவருடன் திரும்பிவிடுகிறது. அடுத்த விபத்தில் அடிபட்டவருக்கு உதவக் கை நீளாது. இதுவே வீண் வாய்தாவின் பெருந்தீங்கு. கண்ணுக்குத் தெரியாத இம்சை.

நம் குடும்பங்களில் வழக்கறிஞர்கள் உள்ளனர். அரசுப் பணியினர் உள்ளனர். வாய்தா கேட்குமுன், "எந்தச் சிலம்பைக் கொணர இந்த அவகாசம்?" என்று தம்மைத் தாமே வினவிக்கொள்ள வேண்டுகிறேன். விடை உண்டாயின் தயங்காமல் கேட்கட்டும். இல்லையாயின் அது பிறர் நாளைக் களவாடுவதாகும்.

என் மாணவருக்கு நான் பின்னர்க் கூறியது இது: "ஏழாம் முறையும் போ. சாட்சிப் படி தரும்படி நீதிமன்றத்தைக் கேள். நானும் உடன் வருகிறேன்." பிறரை உண்மை சொல்ல அனுப்பிவிட்டுத் தான் நிழலில் அமர்ந்திருத்தல் ஆசிரியைக்கு அழகன்று. முழங்கால் வலி இருக்கிறது. ஆயினும் நீதிமன்றத்து விசுப்பலகையில் அவர் அருகே அமர என்னால் இயலும். சாட்சிக்குச் செல்பவர் எவரேனும் உங்கள் தெருவில் இருப்பின், ஒருநாள் நீங்களும் துணை சென்று வாருங்கள்.