வராத அறிவிப்பும் அபாவப் பிரமாணமும்

ஒரு பொருள் இல்லை என்பதை மனிதன் எந்தக் கருவியால் அறிகிறான் என்பது இந்தியத் தருக்க மரபில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வழக்காடப்பட்டு வந்த கேள்வி. இருப்பதைக் கண் காட்டும்; இல்லாததைக் காட்டுவது எது? தரையில் குடம் இல்லை என்று சொல்பவன் தரையைத்தான் பார்த்தான், குடத்தின் இன்மை என்று தனியே ஒன்றைப் பார்க்கவில்லை. ஆயினும் அவன் அடைந்த அறிவில் ஐயம் ஏதும் இல்லை. மணிமேகலையில் வஞ்சி நகரத்து வைதிகவாதி அடுக்கிச் சொல்லும் பத்து அளவைகளுள், அதாவது அறிவைத் தரும் வழிகளுள், அபாவம் எனப்படும் இன்மையும் ஒன்று. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், பிறர் கொள்ளும் அளவைகளோடு அதையும் எண்ணிக் காட்டிவிட்டு, எல்லாவற்றையும் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்குகிறது. இன்மையை அறிவதற்குத் தனி அளவை வேண்டுமா, வேண்டாவா என்னும் இந்த வழக்கு ஏட்டோடு முடிந்துவிட்டதாகத் தோன்றலாம். கைப்பேசிச் செயலி அனுப்பிய அறிவிப்பு பயனருக்கு ஏன் வந்து சேரவில்லை என்று தேடுகின்ற பொறியாளரின் முன்னால், பெயர் சொல்லப்படாமலே, அது இன்றும் நடந்துகொண்டிருக்கிறது.

புஷ் அறிவிப்பு எனப்படுவது, செயலி திறந்திராத வேளையிலும் அதன் சர்வரிலிருந்து புறப்பட்டுக் கைப்பேசியின் திரையில் தோன்றும் சிறு செய்தி. அந்தச் சர்வர் கைப்பேசியோடு நேரே பேசுவதில்லை. ஒவ்வொரு செயலியும் தனக்கென ஓர் இணைப்பை எப்போதும் திறந்து வைத்திருந்தால் பேட்டரி விரைவில் தீர்ந்துவிடும் என்பதால், கைப்பேசி ஒரே ஓர் இணைப்பை மட்டும் இடைநிலைச் சேவை ஒன்றோடு வைத்துக்கொள்கிறது. எல்லாச் செயலிகளின் அறிவிப்புகளும் அந்த ஒரே வழியாக வருகின்றன. ஐபோனுக்கு இந்தச் சேவையை ஆப்பிள் 2009 முதல் நடத்துகிறது. ஆண்ட்ராய்டுக்கு கூகுள் 2010இல் தொடங்கி, பெயரும் அமைப்பும் மாறி, 2016 முதல் ஃபயர்பேஸ் கிளவுட் மெசேஜிங் என்னும் பெயரில் நடத்தி வருகிறது. கைப்பேசியில் நிறுவப்பட்ட ஒவ்வொரு செயலிக்கும் டோக்கன் என்னும் நீண்ட அடையாளக் குறி வழங்கப்படும். செயலியின் சர்வர் அந்தக் குறியையும் செய்தியையும் இடைநிலைச் சேவையிடம் ஒப்படைக்கும். சேவை உடனே ஒரு விடை தரும்.

குழப்பத்தின் பெரும்பகுதி அந்த விடையிலிருந்தே பிறக்கிறது. 200 என்னும் எண் வந்துவிட்டால் அறிவிப்பு போய்ச் சேர்ந்துவிட்டது என்று பலர் கொள்கின்றனர். தருக்க நூலார் உரையளவைக்கு இட்ட வரம்பு இங்கே கூர்மையாகப் பொருந்துகிறது. நம்பத்தக்கவன், அதாவது ஆப்தன், ஒன்றை உள்ளபடி அறிந்து அறிந்தபடி சொல்பவன். அவன் சொல் அவன் அறிந்த எல்லைக்குள்தான் பிரமாணம். 200 என்னும் விடை 'பெற்றுக்கொண்டேன்' என்கிறதே தவிர 'கொடுத்துவிட்டேன்' என்று சொல்லவில்லை. சொன்னவன் பொய் சொல்லவில்லை. கேட்டவன்தான் சொல்லப்படாத ஒன்றைச் சேர்த்துக் கேட்டுக்கொண்டான். ஆப்பிளின் சேவை 410 என்னும் எண்ணைத் தருவதும் உண்டு. அந்த டோக்கனுக்குரிய செயலி இனி அந்தக் கருவியில் உயிரோடு இல்லை என்பது அதன் பொருள். இன்மையை இன்னொருவர் வாயால் கேட்டறியும் அரிய இடம் இது. ஆனால் பயனர் செயலியை நீக்கிய நொடியிலேயே இந்தச் சொல் வந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. கூகுளின் பக்கத்தில், 270 நாட்கள் தொடர்பே இல்லாத ஆண்ட்ராய்டு டோக்கன்தான் காலாவதியானதாகக் கொள்ளப்படுகிறது. அதுவரை இறந்த முகவரிக்கும் 200 கிடைத்துக்கொண்டே இருக்கலாம்.

இனி மறுமுனையில், பயனர் கையில் உள்ள வெறுந்திரை. அதில் ஒன்றும் இல்லை என்பதிலிருந்து எதை அறியலாம்? 7ஆம் நூற்றாண்டு மீமாம்சகரான குமாரில பட்டர் இன்மையை அறிவதற்கு அனுபலப்தி, அதாவது காணப்படாமை, என்னும் தனி அளவையே உண்டு என்றார். பௌத்தரான தர்மகீர்த்தி அதைத் தனி அளவையாக ஏற்காமல், கருதலில் பயன்படும் ஏதுக்கள் மூன்றனுள் ஒன்றாக வைத்தார். இவ்வளவு வேறுபட்ட இரு தரப்பும் ஒரு நிபந்தனையில் மட்டும் ஒத்துப்போகின்றன. காணப்படாமை எப்போதும் இன்மையை உணர்த்தாது. பொருள் அங்கே இருந்திருந்தால் கண்டிப்பாகக் காணப்பட்டிருக்கும் என்னும் தகுதி நிறைவேறியிருந்தால் மட்டுமே உணர்த்தும். இருட்டறையில் குடம் தென்படாமை குடமின்மைக்குச் சான்றாகாது.

இந்தத் தகுதி நிபந்தனையின் மேல்தான் கடவுள் வாதமும் நின்றது. கடவுள் காணப்படவில்லை, ஆகவே இல்லை என்ற பொருள்முதல்வாதிகளான உலகாயதர்க்கு, 10, 11ஆம் நூற்றாண்டுகளை ஒட்டி வாழ்ந்த நையாயிகரான, அதாவது நியாய நெறியினரான, உதயணர் தம் நியாய குசுமாஞ்சலியில் மறுமொழி கூறுகிறார். கடவுள் கண்ணுக்குப் புலனாகத் தக்க பொருள் அல்லர் என்பதால், அவர் காணப்படாமை எதையும் நிறுவாது என்பது அவர் வாதம். காணப்படாமை ஒன்றே போதும் என்றால், வீட்டை விட்டு வெளியே வந்த உலகாயதர் மனைவி மக்களைக் காணாததால் அவர்கள் இல்லாமற்போனதாகத் துணிந்து, வீடு திரும்பாமல் மார்பில் அடித்துக்கொண்டு அழ வேண்டியிருக்குமே என்று அவர் எள்ளுவதும் அந்நூலில் உண்டு. இந்த வாதம் கடவுள் உண்டு என்று காட்டிவிடவில்லை. 'இல்லை' என்று சொல்ல எதிரிக்கு இருந்த உரிமையை மட்டுமே பறித்தது. உதயணரும் இதனோடு நின்றுவிடாமல் உண்டு என்பதற்கான ஏதுக்களை வேறாக அடுக்கியதே இந்த வேறுபாட்டை அவர் நன்கு அறிந்திருந்தார் என்பதைக் காட்டும். பக்தி இலக்கியத்தில் ஆர்வமுள்ள சிலர் இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது வாதத்தின் வலிமையைக் குறைப்பதாகவே முடிகிறது.

அறிவிப்பைத் தேடுபவர் முதலில் செய்ய வேண்டியது, ஆகவே, திரை அதைக் காட்டத் தக்க நிலையில் இருந்ததா என்று கேட்பது. 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், புதிதாக நிறுவிய செயலி பயனரின் இசைவைக் கேட்டுப் பெறாமல் அறிவிப்புக் காட்ட இயலாது. 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல் அறிவிப்புகள் சேனல் என்னும் வகைகளாகப் பிரிந்திருப்பதால், பயனர் ஒரு சேனலை மட்டும் அணைத்துவிட்டு மற்றவற்றைப் பெற்றுக்கொண்டிருக்கலாம். கருவியின் அமைப்புகளுக்குள் சென்று செயலியை வலிந்து நிறுத்தியிருந்தால், மீண்டும் திறக்கும்வரை அதற்கு எதுவும் வராது. இவையெல்லாம் எளியவை. கடினமானது, 2015இல் ஆண்ட்ராய்டு 6 கொண்டுவந்த டோஸ் என்னும் உறக்கநிலை. திரை அணைந்து, சார்ஜரில் இல்லாமல், அசைவின்றி நெடுநேரம் கிடக்கும் கைப்பேசி இந்நிலைக்குள் செல்லும். சாதாரண முன்னுரிமையோடு அனுப்பப்பட்ட செய்தி அப்போது இடைநிலையிலேயே காத்திருந்து, இடையிடையே திறக்கும் குறுகிய நேரத்திலோ பயனர் கைப்பேசியை எடுக்கும்போதோ வரும். உயர் முன்னுரிமையோடு அனுப்பப்பட்டது மட்டும் உறக்கத்தைக் கலைத்து வரும்.

இங்கே சோதனை முறையே சோதிப்பவரை ஏமாற்றும் ஒரு விசித்திரம் நிகழ்கிறது. புகார் வந்ததும் பொறியாளர் தம் கைப்பேசியைக் கேபிள் வழியே கணினியோடு இணைத்து, திரையை எரியவிட்டு, ஓர் அறிவிப்பை அனுப்பிப் பார்க்கிறார்; அது நொடியில் வந்துவிடுகிறது; பிழை எதுவும் இல்லை என்று புகாரை மூடிவிடுகிறார். கேபிளில் இணைந்த கைப்பேசி சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. சார்ஜ் ஏறும் கைப்பேசி உறங்குவதில்லை. எந்தச் சூழலில் அறிவிப்பு வராமற்போயிற்றோ அந்தச் சூழலைத் தேடும் செயலே கலைத்துவிட்டது. முறைப்படி செய்பவர், சார்ஜர் பிடுங்கப்பட்டுவிட்டதாகக் கைப்பேசியை முதலில் ஒரு கட்டளையால் நம்பவைத்து, பிறகு இன்னொரு கட்டளையால் அதை வலிந்து உறக்கத்துக்குள் தள்ளி, அதன் பின்னரே செய்தியை அனுப்புவார். குமாரிலர் இந்தக் கட்டளைகளைக் கண்டிருந்தால், தகுதியைச் செயற்கையாக உண்டாக்கி ஆராயும் வழி என்று மகிழ்ந்து ஏற்றிருக்கக்கூடும்.

தேடல் எந்தத் திசையில் செல்ல வேண்டும் என்பதற்கும் பழைய தருக்கத்தில் விடை உண்டு. சித்தியார் அனுபலப்தி ஏதுவுக்குத் தரும் எடுத்துக்காட்டு, குளிர்ச்சி இல்லாமை பனி இல்லாமையைக் காட்டும் என்பது. குளிர்ச்சி பனியைக் காட்டிலும் விரிந்தது. விரிந்தது இல்லாத இடத்தில் அதனுள் அடங்கியதும் இல்லை என்று துணியலாம். இதைத் திருப்பிப் போட முடியாது: பனி இல்லை என்பதிலிருந்து குளிர்ச்சியும் இல்லை என்று சொல்ல வழியில்லை. டோக்கன் இல்லாத இடத்தில் அறிவிப்பு இல்லை என்பது உறுதி. அறிவிப்பு இல்லாத இடத்தில் டோக்கன் இல்லை என்பதோ, சர்வர் அனுப்பவில்லை என்பதோ உறுதியன்று. பயனரின் திரையில் தொடங்கிப் பின்னோக்கி ஊகித்துச் செல்பவர் பெரும்பாலும் வழிதவறுவதும், டோக்கன் பிறந்த இடத்தில் தொடங்கிக் கண்ணி கண்ணியாக முன்னோக்கி வருபவர் பிழையைப் பிடிப்பதும் இதனால்தான்.

மீமாம்சையின் மற்றொரு தலைவரான பிரபாகரர் இன்மை என்று ஒரு பொருளே இல்லை என்றார். குடமற்ற தரை என்பது வெறும் தரைதான், அதற்கு மேல் ஒன்றும் அங்கு இல்லை என்பது அவர் கொள்கை. பயனரின் நிலையிலிருந்து நோக்கினால் அவர் சொல்வது சரி: வெறுந்திரை வெறுந்திரைதான், அதில் காரணம் எழுதியிருக்காது. தேடுபவரின் நிலை வேறு. இன்மைகள் ஒரே தன்மையன அல்ல என்று வகுத்த நையாயிகரும் வைசேடிகரும் அவருக்கு அதிகம் உதவுவர். ஒரு பொருள் தோன்றுவதற்கு முன் உள்ளது முன்னின்மை. அழிந்தபின் உள்ளது அழிவுபாட்டின்மை. ஒன்று மற்றொன்றாக இல்லாமை ஒன்றினொன்றின்மை. நான்காவதான என்றுமின்மைக்குக் கூகுள் சேவைகளே இல்லாத கருவிகளைச் சுட்டலாம், அங்கே ஆராய அதிகம் இல்லை. இசைவு கேட்கும் திரையைப் பயனர் இன்னும் காணாதபோது அறிவிப்பு முன்னின்மையில் இருக்கிறது. புறப்பட்ட செய்தி வழியில் மாய்ந்துபோவது அழிவுபாட்டின்மை. இதற்கு இடைநிலைச் சேவையின் விதிகளே போதுமான காரணம். கைப்பேசி இணையத்தில் இல்லாதபோது கூகுள் செய்தியை அதிக அளவாக 4 வாரம் வைத்திருக்கும். அவ்வாறு காத்திருப்பவை 100ஐக் கடந்தால் காத்திருந்த அனைத்தையும் அழித்துவிட்டு, அழிக்கப்பட்டன என்னும் குறிப்பை மட்டும் செயலிக்குத் தரும். ஒன்றினொன்றின்மை ஐபோன் பக்கத்தில் புகழ்பெற்ற பிழை: சோதனைப் பதிப்புக்கு வழங்கிய டோக்கனை வெளியீட்டுச் சர்வரிடம் கொடுத்தால் அது தவறான டோக்கன் என்று திருப்பித் தரப்படும். டோக்கன் போலியன்று, இந்தச் சர்வருக்கு உரிய டோக்கனாக அது இல்லை, அவ்வளவே.

நேற்று மாலை வரவேண்டிய அறிவிப்பை இன்று காலை ஆராய்வது எப்படி? குமாரிலர் இதை ஒட்டிய ஒரு நிலையை எடுத்துக்கொள்கிறார். ஓர் இடத்தை முன்பு வெறுமனே பார்த்துச் சென்றவனிடம், அங்கே இன்ன பொருள் இருந்ததா என்று பின்னர் வேறோரிடத்தில் கேட்டால், அதுவரை நினைத்தும் பாராத அந்தப் பொருளின் இன்மையை அவன் அப்போதுதான் அறிகிறான். அவனுக்கு இப்போது அந்த இடத்தோடு தொடர்பு இல்லாததால் இதைக் காட்சி எனல் ஆகாது என்பது அவர் வாதம். சர்வர் எழுதி வைக்கும் லாக் அத்தகைய நினைவே. கேள்வி எழுந்தபின் அதைத் திறந்து, குறித்த நேரத்தில் குறித்த டோக்கனுக்கு வரி எதுவும் இல்லை என்று கண்டு, அனுப்பப்படவில்லை என்று துணிகிறார்கள். அந்த நிகழ்வு நடந்திருந்தால் லாக் அதை எழுதியிருக்குமா என்னும் தகுதிக் கேள்வி இங்கும் தப்பாது. பிழைகளை மட்டும் எழுதுமாறு அமைத்த லாக்கில் வெற்றிக்கான வரி இல்லாமை எதையும் நிறுவுவதில்லை.

வந்து சேர்ந்ததைச் செயலியே திருப்பி அறிவித்துவிட்டால் எல்லாம் தீரும் என்று தோன்றும். அந்த ஒப்புகையும் அதே இணையத்தின் வழியே செல்ல வேண்டியது. அது வராவிட்டால் அறிவிப்புத் தொலைந்ததா, ஒப்புகை தொலைந்ததா என்பது தெரியாது. ஒப்புகைக்கு ஒப்புகை கேட்டால் கேள்வி ஒரு படி தள்ளிப்போகிறது, அவ்வளவே. 1975இல் முதலில் எழுதப்பட்டு, 1978இல் ஜிம் கிரே இரு தளபதிகள் சிக்கல் என்று பெயரிட்ட இந்த முடிச்சு, நம்பகமற்ற வழியில் எத்தனை தூது அனுப்பினாலும் இரு தரப்பும் முழு உறுதி பெற முடியாது என்று காட்டியது. 1985இல் ஃபிஷர், லின்ச், பேட்டர்சன் மூவரும் நிறுவிய தேற்றத்தின் அடியிலும், தாமதமாக வருவதையும் வரவே வராததையும் காலவரம்பில்லாத அமைப்பில் வேறுபடுத்த முடியாது என்னும் இதே உண்மை கிடக்கிறது. ஓர் அறிவு சரியானது என்பதை மற்றோர் அறிவால்தான் உறுதி செய்ய வேண்டும் என்ற நையாயிகரிடம், அந்த மற்றோர் அறிவை எதனால் உறுதி செய்வீர் என்று மீமாம்சகர் கேட்டதும் இதே ஏணிதான். மறுக்கப்படும்வரை அறிவு தன்னளவிலேயே செல்லும் என்று மீமாம்சகர் முதற்படியிலேயே நின்றுகொண்டனர். செயலில் இறங்கிப் பயன் கிடைத்ததா என்று பாருங்கள் என்று நையாயிகர் கூறினர். பொறியாளர்கள் நடைமுறையில் நையாயிகரின் வழியையே ஏற்றுள்ளனர்: பயனர் செயலியைத் திறந்தால் போதும், திரைக்கு வந்தது வராதது எதையும் நம்பாமல், அது சர்வரிடம் நேரே கேட்டுத் தன் நிலையைச் சரிசெய்துகொள்ளும்.

இதனினும் நுட்பமான வழி, இன்மையைக் காணத் தக்கதாக முன்கூட்டியே அமைத்துவிடுவது. ஒவ்வொரு செய்திக்கும் வரிசை எண் இட்டு அனுப்பினால், 41க்குப் பின் 43 வந்தவுடன் 42 இல்லை என்பது அதுவரை வெறுந்தரையாக இருந்த இடத்தில் ஐயமின்றித் தெரிகிறது. ஆனால் கடைசியாக அனுப்பிய செய்தி தொலைந்தால் அதைக் காட்டித்தர அடுத்த எண் இல்லை. அதற்காகக் குறித்த இடைவெளியில் வெற்றுச் செய்தி ஒன்றைப் பின்னணியில் அனுப்பிக்கொண்டே இருக்கலாம். ஐபோனிலோ அத்தகைய ஓசையற்ற செய்திகளை மணிக்கு இரண்டு மூன்றுக்கு மேல் அனுப்ப வேண்டாம் என்று ஆப்பிள் கூறுகிறது, பயனர் செயலியைத் தம் கையால் மூடிவிட்டிருந்தால் அவையும் செல்வதில்லை. அந்த நிலையில் கடைசி எண்ணின் இன்மை, பயனர் தாமாகச் செயலியைத் திறக்கும்வரை இரு முனையிலும் யாருக்கும் தெரியாது.