கொற்கையில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது

ஓர் ஊரைப் 'பார்ப்பது' என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் காரியத்துக்குள் ஒரு தார்மீகப் பிரச்னை ஒளிந்திருக்கிறது. குற்றாலத்துக்குப் பக்கத்தில், குத்துக்கல்வலசை மாதிரி ஓர் ஊரில் இருப்பவனுக்கு இது சுலபமாகத் தட்டுப்படுவதில்லை. சாரல் மாதங்களில் எங்கள் பக்கம் வருகிறவர்கள் மெயினருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று ஒரு ஜாபிதாவோடு வருகிறார்கள். குளித்து முடித்து, 'பார்த்தாச்சு' என்று ஈரத்துண்டோடு திரும்புகிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அருவி யாருடைய சாதனையும் இல்லை. அதைப் பார்த்தவன் அதற்காக மார்தட்டிக்கொள்வதும் இல்லை. மனிதர்கள் கட்டி, ஆண்டு, விட்டுப்போன ஊர் வேறு ரகம். அங்கே பார்க்கிறவன் வெறும் பார்வையாளனாக நிற்பதில்லை, உரிமையாளனாக நிற்கிறான்.

கொற்கையை எடுத்துக்கொள்ளலாம். இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். ஏரலுக்குப் பக்கத்தில், வாழையும் நெல்லும் சூழ்ந்த ஒரு கிராமம். பாண்டியர்களின் துறைமுகம் என்று கேள்விப்பட்டுப் போகிறவனுக்கு முதலில் கிடைப்பது ஏமாற்றம்: கடல் இல்லை. அது ஆறேழு கிலோமீட்டர் கிழக்கே போய்விட்டது. தாமிரவருணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைத் தள்ளியது. துறைமுகம் கொற்கையிலிருந்து காயலுக்கும், பிறகு புன்னைக்காயலுக்கும், கடைசியில் தூத்துக்குடிக்கும் நகர்ந்தது. கால்டுவெல் இங்கே தோண்டிப் பார்த்தார். 1881இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தில் இந்த வண்டல் கதையையும் சொன்னார். குற்றாலத்தில் விழுந்து தென்காசியைத் தொட்டுப் போகிற சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரவருணியோடு கலக்கிறது. கொற்கையை மூடிய மண்ணில் எங்கள் மலையின் மண்ணும் கொஞ்சம் இருக்கத்தான் வேண்டும்.

இப்போது அங்கே பார்க்க இருப்பவை: ஒரு குளம், இரண்டாயிரம் வருஷத்து மரம் என்று ஊரார் சொல்லும் ஒரு வன்னி, அக்கசாலை ஈசுவரர் கோயில், வெற்றிவேலம்மன் கோயில். அரைமணி நேரத்தில் ஜாபிதா தீர்ந்துவிடும். கண்ணுக்கு ஒன்றும் கிடைக்காத இந்த இடத்தில்தான் மனம் வேலை செய்யத் தொடங்குகிறது. வெறுமையை அது பெருமையால் நிரப்புகிறது. சங்கப் பாடல்கள் சொல்லி ஓயாத முத்து, யவனர் கப்பல், 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டியபோது கிடைத்த கரித்துண்டுக்குச் சொல்லப்பட்ட கி.மு. 785 என்ற காலம். 2021இல் மறுபடியும் தோண்டியது. இவையெல்லாம் உண்மை. ஆனால் உண்மைகளிலிருந்து எதை எடுத்து நிரப்பிக்கொள்கிறோம், எதை விட்டுவிடுகிறோம் என்பதில்தான் நம்முடைய குணம் தெரிகிறது.

விட்டுவிடுகிறவை இரண்டு. முதலாவது, பெரிப்ளூஸ் என்ற கிரேக்க நூலில் உள்ளது. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த அந்நூல் ஒருவகையில் துறைமுகங்களைப் பற்றிய கையேடுதான்; எந்தத் துறையில் எதை இறக்கலாம், எதை ஏற்றலாம் என்று வியாபாரி வியாபாரிக்குச் சொல்வது. கொற்கையைப் பற்றி அது அதிகம் பேசவில்லை. பாண்டியனுக்கு உரியது, முத்துக்குளிக்கும் இடம், குளிப்பவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்கிறது, மேலே போய்விடுகிறது. யவனன் நம் முத்தை மெச்சினான் என்று எடுத்துக்காட்டுகிற மேடைகளில் இந்தக் கைதிகள் ஏறுவதில்லை. அவர்கள் என்ன குற்றம் செய்தார்கள், யார் விசாரித்தார்கள் என்பதற்கு ஒரு வரிகூட எங்கும் இல்லை.

இரண்டாவது, நமக்கு இன்னும் நெருக்கமானது. சிலப்பதிகாரம், பாண்டியன் இறந்த பிறகு நாட்டில் மழை பொய்த்ததையும், கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகிக்கு ஆயிரம் பொற்கொல்லர்களை ஒரே பகலில் பலிகொடுத்ததையும், பிறகு மழை பெய்து நாடு செழித்ததையும் சொல்கிறது. ஒருவனை விசாரிக்காமல் கொன்றதற்காக ஓர் அரசன் உயிர்விட்டு ஒரு நகரமே எரிகிற காவியம், ஆயிரம் பேரை விசாரிக்காமல் கொன்றதைச் சாந்தி என்ற பெயரில் கடந்துபோகிறது. ஒரு தட்டான் செய்த திருட்டுக்குத் தட்டார்கள் என்பதற்காகவே ஆயிரம் பேர். நாம் கண்ணகியின் நீதியைப் பற்றி எவ்வளவோ பேசியிருக்கிறோம்; இந்த ஆயிரவரைப் பற்றிப் பேசியது சொற்பம். இது நடந்ததா, காவியக் கற்பனையா என்பது இங்கே பிரச்னை இல்லை. மழை பெய்ததும் கணக்குத் தீர்ந்துவிட்டது என்று ஒரு மனம் நம்பியிருக்கிறது. அந்த மனத்தை நாம் மறுபேச்சில்லாமல் வாங்கிவைத்திருக்கிறோம்.

'ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் யாரோ செய்ததற்கு நான் என்ன செய்ய?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குற்றம் வம்சாவளியாக இறங்குவதில்லை. இறங்கும் என்று நினைத்ததால்தான் ஆயிரம் தட்டார்கள் செத்தார்கள். ஆனால் இதே நியாயப்படி பெருமையும் இறங்கக் கூடாது. பாங்க்கில் வேலை பார்க்கிறவனுக்கு இது தினசரி விவகாரம். இறந்துபோனவருக்கு டெபாசிட் ஏதும் இருக்கிறதா என்று வாரிசுகள் வந்து கேட்பார்கள். கடன் ஏதும் இருக்கிறதா என்று வலிய வந்து கேட்டவரை நான் பார்த்ததில்லை. சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. அப்பாவின் கடனுக்காக மகன் தன் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை. ஆனால் அவர் விட்டுப்போன சொத்தை எடுத்துக்கொண்டால் அந்தச் சொத்தின் மதிப்பு வரைக்கும் கடனுக்கும் பொறுப்பு. கொற்கை முத்து என் முத்து என்று சொல்கிறவன், எந்த அளவுக்கு அதைத் தன்னுடையது என்கிறானோ அந்த அளவுக்கு முத்துக்காக முங்கிய கைதியின் மூச்சுக்கும் பதில் சொல்ல வேண்டியவன்.

இரண்டும் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வெளியேறலாமே என்றால், அதுவும் கௌரவமான வழிதான். கொற்கை வெறும் மண், பானை ஓடு, கரித்துண்டு என்று சொல்லும் விஞ்ஞான மனோபாவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் தமிழில் எழுதுகிறவனுக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. அவன் ஏற்கனவே அந்தக் கணக்கிலிருந்து எடுத்துச் செலவழித்துக்கொண்டிருக்கிறான். முத்து, அறம், பத்தினி, ஊழ் என்று அவன் கைவைக்கிற சொல்லெல்லாம் அங்கிருந்து வந்தவை. சொத்தை அனுபவித்துக்கொண்டே வாரிசு இல்லை என்று சொல்ல முடியாது.

அப்படியானால் கொற்கைக்குப் போகிறவன் செய்ய வேண்டியது என்ன? வெற்றிவேலம்மன் கோயிலுக்குப் போகலாம். அந்த அம்மனைக் கண்ணகி என்று கொள்கிற ஆய்வாளர்கள் உண்டு. பிறகு அக்கசாலை ஈசுவரர் கோயிலுக்கும் போக வேண்டும். அக்கசாலை என்றால் பொன்வேலை நடக்கும் பட்டறை, நாணயம் அடிக்கும் சாலை. பலி வாங்கியவளாகச் சொல்லப்படும் தெய்வமும், பலியானவர்களின் தொழிலைப் பேரில் சுமக்கும் தெய்வமும் ஒரே ஊரில் இருக்கின்றன. இதற்கும் அதற்கும் நேர்த் தொடர்பு உண்டென்று நான் சொல்லவில்லை. ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதைப் பார்க்காமல் திரும்பினால் பாதிக் கணக்கோடு திரும்புகிறோம் என்று மட்டும் சொல்கிறேன். ஆயிரம் பேரில் ஒரு பெயர்கூட மிஞ்சவில்லை. நினைவுக்கல் நட்டு இதைத் தீர்க்கவும் முடியாது. நம் படிப்பில் ஒரு பழக்கம் மாறலாம். ஒரு பெருமை கண்ணில் படும்போதெல்லாம் அது யாருடைய மூச்சில் வந்தது என்று கேட்பது பழக்கமாகலாம்.

அந்தப் பழக்கத்தோடு அப்படியே தூத்துக்குடிக்குப் போகலாம். 1961க்குப் பிறகு அங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. பனிமய மாதா கோயில், துறைமுகம், கடற்கரை என்று அங்கும் ஒரு ஜாபிதா உண்டு. ஊருக்கு வெளியே உப்பளங்கள். வெயிலில் அம்பாரம் அம்பாரமாக உப்பு வெள்ளை வெளேரென்று கிடப்பதைப் பஸ்ஸிலிருந்து பார்த்து அழகு என்கிறோம். அழகுதான். பாத்திக்குள் நின்று அதை வாரிக் குவிக்கிறவர்களின் கால்கள் உப்பில் வெந்துகிடக்கின்றன. அவர்களுடைய கணக்கு இன்னும் முடிந்துபோகவில்லை. அவர்களுக்குப் பெயரும் இருக்கிறது, போய்க் கேட்டால் சொல்வார்கள்.